முதல் பொடிக்குப்பி எது? கண்ணாடி, அகேட், பீங்கான், உள்ளோவியம்: ஏலத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

சீனாவின் பழைய மூக்குப்பொடிக் குப்பிகளைச் சேகரிக்க விரும்பி, முதல் குப்பிக்கென்று இரண்டாயிரம், மூவாயிரம் அமெரிக்க டாலர் ஒதுக்கிவைத்துவிட்டு, ஏலப் பட்டியலைப் பிரித்ததும் திகைத்து நிற்பவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கண்ணாடிக் குப்பியை எடுப்பதா, அகேட் என்னும் கடினமான, நிறப்படலங்கள் கொண்ட கல்லில் குடைந்ததை எடுப்பதா, பீங்கானா, உள்ளே ஓவியம் தீட்டியதா? நான்கும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. பெரும்பாலானவை 5 முதல் 8 செ.மீ. உயரமே உள்ளவை. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும் இரண்டு குப்பிகளில் ஒன்று 400 டாலருக்கும் மற்றொன்று 40,000 டாலருக்கும் போகும்போது, வேறுபாடு எங்கே இருக்கிறது என்று புகைப்படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

சுருக்கமான பின்னணி இது. புகையிலையைப் பொடியாக்கி உறிஞ்சும் வழக்கம் ஐரோப்பியர் வழியாகச் சீனாவுக்குச் சென்று, சிங் வம்ச காலத்தில் (1644-1911) அரண்மனையிலும் அதிகாரிகளிடையிலும் பரவியது. ஐரோப்பியர் பொடியைச் சிமிழில் வைத்தனர். ஈரப்பதம் மிகுந்த காற்றில் பொடி கட்டிப்போகாமல் இருக்க, தக்கை பொருத்திய மூடியும் அதில் ஒட்டிய சிறு கரண்டியும் கொண்ட குப்பியைச் சீனர் தேர்ந்தெடுத்தனர். நம் ஊரில் பொடிமட்டையையும் பொடி டப்பாவையும் யாரும் கலைப்பொருளாக எண்ணவில்லை. அங்கே அதே பழக்கத்துக்கான பாத்திரம், அந்தஸ்தைக் காட்டும் பொருளாகவும், அன்பளிப்பாகவும், சிலவேளைகளில் பதவி உயர்வுக்கான கையூட்டாகவும் ஆனது. காங்ஷி பேரரசர் 1696இல் பெய்சிங் அரண்மனையில் கண்ணாடிப் பட்டறை ஒன்றை நிறுவி, அதன் பொறுப்பை ஜெர்மானிய இயேசு சபைத் துறவி கிலியன் ஸ்டும்ப்பிடம் ஒப்படைத்தார். இன்று ஏலத்தில் உச்ச விலை பெறும் குப்பிகளின் வரலாறு அந்த அரண்மனைப் பட்டறைகளிலிருந்து தொடங்குகிறது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஒவ்வொரு வகையையும் ஐந்து அளவுகோல்களால் பார்க்கிறேன். முதலாவது, வாங்குபவர் தம் கண்ணாலும் கையாலும் தரத்தைச் சோதிக்க முடியுமா என்பது. இரண்டாவது, போலிகளும் பிற்காலப் பிரதிகளும் எந்த அளவுக்குப் புழங்குகின்றன என்பது. மூன்றாவது, பழுது எளிதில் மறைக்கப்படுமா என்பது. நான்காவது, வாங்கிய பிறகு பாதுகாப்பதற்கு ஆகும் கவலையும் செலவும். ஐந்தாவது, மறுபடி விற்கும்போது வாங்க ஆள் இருப்பார்களா என்பது.

இந்த ஐந்தில் முதலாவதற்கே நான் அதிக எடை தருகிறேன். காரணம், ஏல விலை பொருளின் மூலப்பொருளுக்காகத் தரப்படுவதைவிட, வேலைப்பாட்டுக்காகவும் அது யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாற்றுக்காகவும் தரப்படுகிறது. மட்டமாகக் குடைந்த ஜேட் (சீனர் பெரிதும் மதிக்கும் கல்) குப்பியை விட, நன்றாகக் குடைந்த சாதாரண அகேட் குப்பிக்கு அதிகப் போட்டி எழுவதை எந்த ஏலத்திலும் காணலாம். வேலைப்பாட்டை உணரக் கற்றுத் தராத குப்பி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முதல் குப்பியாக இருக்கத் தகுதியற்றது என்பது என் கருத்து.

## கண்ணாடிக் குப்பிகள்

வகைகளில் மிகப் பரந்தது இதுவே. ஒற்றை நிறக் கண்ணாடி, ஜேட், அம்பர், பவழம் போன்றவற்றைப் பார்வைக்கு ஏமாற்றும் கண்ணாடி, ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தைப் போர்த்திப் பின்னர் தேவையற்ற இடங்களைத் தேய்த்தெடுத்த மேலடுக்குக் கண்ணாடி என்று பல பிரிவுகள் உண்டு. பனி பெய்வதுபோல் வெண்புள்ளிகளும் குமிழ்களும் நிறைந்த அடித்தளத்தின்மேல் சிவப்பு மேலடுக்கில் டிராகனோ தாமரையோ செதுக்கிய குப்பிதான் பலருக்கும் முதல் காதலாக அமைகிறது.

மேலடுக்குக் கண்ணாடியில் தரத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. உருவங்களைப் பார்க்க வேண்டாம். உருவங்களுக்கு இடையில் உள்ள வெற்றுத் தளத்தைப் பாருங்கள். நல்ல கைவினைஞர் சக்கரத்தையும் உராய்வுத் தூளையும் கொண்டு தளத்தைத் தேய்க்கும்போது, அது மேடு பள்ளமின்றிக் குப்பியின் வளைவோடு ஒத்துப் போகும்; வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அலையடிக்காது. உருவத்தின் விளிம்பு, தளத்திலிருந்து தெளிவாக எழும்பி நிற்கும். பிற்காலப் பிரதிகளில் விளிம்பு மழுங்கியும் தளம் குழிவிழுந்தும் இருக்கும். இலை நரம்பு, மீன் செதில், பறவையின் கண் ஆகிய மூன்றையும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால், செதுக்கியவர் அவசரப்பட்டாரா என்பது தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு, கண்ணாடியின் நோய். ஆரம்பகால அரண்மனைக் கண்ணாடிகள் சிலவற்றில் கலவைச் சமநிலை சரியில்லாததால், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள் நுண்ணிய வலைபோன்ற வெடிப்புகள் உருவாகின்றன. இது காலப்போக்கில் கூடும், குணப்படுத்த வழியில்லை. கடலோர ஊரில் வசிப்பவர் பழைய கண்ணாடியை வாங்கினால், ஈரப்பதத்தைச் சீராக வைத்திருக்கும் அலமாரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் ஒரு வேடிக்கை: அதே வெடிப்பு வலை, குப்பி உண்மையிலேயே பழையது என்பதற்கான சான்றாகவும் சிலரால் எடுத்துக்கொள்ளப்படுகிறது, விற்பவர் அதைப் பெருமையாகச் சொன்னால், வாங்குபவர் அதை நோயாகவே கணக்கிட்டு விலை பேசட்டும்.

விளிம்பில் சில்லு பெயர்ந்த கண்ணாடிக் குப்பியின் வாயைத் தேய்த்துச் சமப்படுத்துவதும் பரவலான பழுதுபார்ப்பு. கழுத்து உடலோடு ஒப்பிடும்போது விசித்திரமாகக் குட்டையாக இருந்தால், அல்லது வாயின் தட்டையான பகுதி உடலை விடப் புதிதாகப் பளபளத்தால், தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். மூடி அதை மறைத்துவிடுவதால், மூடியைக் கழற்றிய நிலையில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குவது கட்டாயம்.

## அகேட் முதலிய கல் குப்பிகள்

முதல் குப்பிக்கு என் தேர்வு இதுவே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அகேட், கால்செடனி போன்ற கடினமான கற்களில், சுண்டுவிரல் கூட நுழையாத வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, உள்ளே தோள்பகுதி வரை ஒரே சீரான சுவராகக் குடைவது பல நாள் பொறுமையைக் கேட்கும் வேலை. சோம்பேறியான கைவினைஞர் நடுவில் குழாய்போல் ஒரு துளை போட்டு நிறுத்திவிடுவார். நல்லவர் சுவரை மெலிதாக்கிக்கொண்டே போவார். மிக நன்றாகக் குடைந்த அகேட் குப்பியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும் என்பது இந்தத் துறையில் அறிந்த செய்தி. ஏல முன்காட்சியில் யாரும் உங்களைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அனுமதிக்க மாட்டார்கள் என்றாலும், கையில் எடுத்தவுடன் எடை சொல்லிவிடும். விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் சுவரின் தடிமன் தெரியும். புகைப்படத்தால் மறைக்க முடிந்ததைக் கை மறைக்காது.

தரத்தைக் காட்டும் இன்னொரு அடையாளம், கல்லின் இயற்கைக் கறைகளை எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது. வெளிர்ந்த கல்லில் இயல்பாக அமைந்த கரும்பழுப்புப் படலம், இரண்டு மூன்று வெட்டுகளில் குரங்காகவோ குதிரையாகவோ மீன்பிடிப்பவராகவோ மாறியிருக்கும். கறையை மீறிக் கூடுதலாகச் செதுக்காமல் நிறுத்திக்கொண்ட இடத்தில்தான் திறமை தெரிகிறது. இதனுடன் ஒப்பிட்டால், சூசோ நகரத்தோடு இணைத்துச் சொல்லப்படும் குப்பிகளில், பாறை, மேகம், மனிதர், கவிதை வரி எல்லாம் கல்லின் அடுக்குகளுக்குள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கும். அந்தத் தரத்தைச் சேர்ந்தவற்றின் விலை பல பத்தாயிரம் டாலர்களில் தொடங்குவதால், நம் கணக்கில் வராது.

இந்த வகையின் சங்கடம், காலம் குறிப்பதில் இருக்கிறது. கல்லுக்கு வயது சொல்லும் முத்திரை கிடையாது. அதனால் நேர்மையான ஏலப் பட்டியல்களே "1750-1850" அல்லது "1780-1880" என்று நூறாண்டு இடைவெளி போட்டு எழுதுகின்றன. இதைக் கண்டு தயங்க வேண்டாம். துல்லியமாக "1765" என்று கல் குப்பிக்கு ஆண்டு போடும் பட்டியலையே சந்தேகிக்க வேண்டும். மறைந்த செலவு, கல்லின் உள்வெடிப்பு. இயற்கையான கோடும் அடிபட்ட விரிசலும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். நகத்தால் தடவும்போது தட்டுப்படுவது விரிசல். சாயம் ஏற்றிய அகேட்டும் உண்டு; விரிசல் ஓரங்களில் நிறம் திரண்டு நின்றால் சாயம் என்று கொள்ளலாம்.

ஜேட் இதே குடும்பம்தான் என்று நினைத்து அதில் தொடங்குவது தவறு. ஜேட்டில் கல்லின் பெயருக்கே ஒரு விலை சேர்வதால், வேலைப்பாடு இல்லாத குப்பியும் விலையேறிக் கிடக்கிறது. ஜேட் போன்ற கண்ணாடியும் ஜேட் போன்ற மலிவான கற்களும் ஏராளம். கண் பழகிய பிறகு போகலாம்.

## பீங்கான் குப்பிகள்

சீனாவின் பீங்கான் நகரமான சிங்தேசனின் சூளைகளிலிருந்து, குறிப்பாக 19ஆம் நூற்றாண்டில், பெருமளவில் வெளிவந்தவை இவை. நீல-வெள்ளை, செம்புச் சிவப்பு, வண்ண எனாமல் (சூளையில் உருகி ஒட்டும் கண்ணாடிப் பூச்சு), அச்சில் வார்த்துத் துளைவேலை செய்தவை என்று பலவிதம். விலைத் தொடக்கம் மற்ற வகைகளை விடத் தாழ்வாக இருப்பதும், நாடகக் காட்சி, டிராகன், வெட்டுக்கிளி, சிங்கக்குட்டி என்று கதை சொல்லும் சித்திரங்கள் இருப்பதும் இதன் கவர்ச்சி.

சிக்கல் அடிப்பாகத்தில் உள்ள ஆட்சிக்கால முத்திரையில் தொடங்குகிறது. நீலமும் சிவப்பும் கலந்த உருளைக் குப்பிகளின் அடியில் யோங்செங் பேரரசரின் (1723-1735) பெயர் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை. இது மோசடி என்பதைவிட, முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்ற வழக்கம். ஆனால் வாங்குபவரின் பணம் மரியாதைக்குப் போகக் கூடாது. பட்டியலில் "முத்திரையும் அக்காலமும்" என்றிருந்தால், அந்த ஆட்சியிலேயே செய்தது என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. வெறும் "முத்திரை" என்று மட்டும் இருந்தால், பெயர் அங்கே எழுதியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு சொல் வேறுபாட்டுக்கு விலையில் பத்து மடங்கு இடைவெளி வரும். தாவ்குவாங் பேரரசரின் (1821-1850) முத்திரையும் அக்காலமும் ஒன்றாக அமைந்த குப்பிகள், சாமானியர் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் இன்னும் வருகின்றன. பீங்கானில் தொடங்க விரும்புபவருக்கு நான் காட்டும் இடம் அதுதான்.

பழுதை மறைப்பதிலும் பீங்கானே முதலிடம். உடைந்த கழுத்தை ஒட்டி, மேலே வண்ணமும் மெருகும் தெளித்துவிட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. புற ஊதா விளக்கின்கீழ் அந்த இடம் வேறு நிறத்தில் ஒளிரும். அந்த விளக்கின் விலை மிகக் குறைவு. ஆனால் பொருள் கைக்கு வந்த பிறகு விளக்கடிப்பதைவிட, ஏலத்துக்கு முன், பொருளின் பழுதுகளைச் சொல்லும் நிலை அறிக்கையில் "மறுசீரமைப்பு உண்டா" என்று எழுத்தில் கேட்டு வாங்குவதே பயன் தரும்.

## உள்ளோவியக் குப்பிகள்

வளைந்த நுனியுள்ள மெல்லிய எழுதுகோலை வாய் வழியாக நுழைத்து, உள்சுவரில் தலைகீழாக அல்ல, இடவலமாக மாற்றி ஓவியம் தீட்டும் கலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெய்சிங்கில் உச்சத்தைத் தொட்டது. வண்ணம் ஒட்டிக்கொள்ள உள்சுவரை முதலில் சொரசொரப்பாக்குவார்கள். 1880களிலும் 1890களின் தொடக்கத்திலும் வரைந்த சோ லெயுவான் நிலக்காட்சிக்கும், மா ஷாவ்சுவான் உருவப்படத்துக்கும், யெ சோங்சான் மீன், பூச்சி, கதைக்காட்சி ஆகியவற்றுக்கும் பெயர்பெற்றவர்கள். பார்ப்போரை இவ்வளவு விரைவாக மயக்கும் வகை வேறில்லை. புதியவருக்கு இவ்வளவு ஆபத்தான வகையும் வேறில்லை.

ஏன் என்றால், இங்கே விலை ஏறக்குறைய முழுவதும் கையெழுத்தைச் சார்ந்தது. மாணவர்களும் மகன்களும் ஆசிரியரின் பெயரிலேயே தீட்டினார்கள். யெ குடும்பத்தில் தந்தையின் பெயரோடு மகன்களின் கை கலந்திருப்பது தெரிந்த செய்தி. பிறகு சுற்றுலாப் பயணிகளுக்காக ஆயிரக்கணக்கில் செய்த குப்பிகளிலும் அதே பெயர்கள் எழுதப்பட்டன. ஓவியத்தின் ஓரத்தில் உள்ள ஆண்டுக்குறிப்பு உதவும் என்று நம்பினால், அதிலும் ஒரு பொறி: சீன மரபு ஆண்டுப்பெயர்கள், நம் பிரபவ முதல் அட்சய வரையிலான வரிசையைப் போலவே, 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. 1897ஐக் குறிக்கும் அதே இரண்டு எழுத்துகள் 1957ஐயும் குறிக்கும்.

பராமரிப்பில் ஒரே ஒரு விதி, ஆனால் மீறினால் மீட்சி இல்லை: உள்ளே தண்ணீர் படக் கூடாது. நீர்வண்ணத்தில் தீட்டியது என்பதால், தூசி தட்டுகிறேன் என்று கழுவினால் வெறும் கண்ணாடிப் புட்டிதான் மிஞ்சும்.

எனினும் இந்த வகையில் ஒரு நேர்மையான மாற்றுவழி இருக்கிறது. 1938இல் பிறந்த வாங் சிசான், யெ குடும்பத்திடம் பெய்சிங்கில் கற்று, பின்னர் ஹெபெய் மாநிலத்தின் ஹெங்சுவேய் பகுதியில் ஒரு புதிய மரபையே உருவாக்கினார். அந்தக் கலை 2006இல் சீன அரசின் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் இடம்பெற்றது. பழமை தேவையில்லை, ஓவியமே வேண்டும் என்பவர், பழையது என்று நடிக்காத தற்காலக் குப்பியைத் தற்கால விலைக்கு, வரைந்தவரின் அடையாளம் தெளிவாக உள்ள நிலையில் வாங்கலாம். ஏமாற வாய்ப்பு குறைவு. மறுவிற்பனையில் பெரிய எதிர்பார்ப்பும் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கண்ணாடி | அகேட் | பீங்கான் | உள்ளோவியம் |
|---|---|---|---|---|
| தானே சோதிக்க முடியுமா | ஓரளவு. தளத்தையும் விளிம்பையும் பார்த்து | நன்றாக. எடை, சுவர்த் தடிமன் | ஓரளவு. முத்திரை குழப்பும் | கடினம். கையெழுத்தை நம்ப வேண்டும் |
| போலி, பிரதி | நிறைய | நடுத்தரம் | நிறைய | மிக நிறைய |
| பழுது மறைதல் | தேய்த்த வாய் | உள்விரிசல் | தெளித்த மெருகு | நீரால் அழிந்த இடங்கள் |
| பாதுகாப்பு | ஈரம் ஆகாது | கவலை குறைவு | உடையும் அபாயம் | தண்ணீரே ஆகாது |
| 19ஆம் நூற்றாண்டின் நல்ல குப்பிக்குத் தோராய ஏல விலை (டாலர்) | 500-3,000 | 500-4,000 | 300-2,000 | பெயர்பெற்றவர் எனில் 2,000 முதல் பல்லாயிரம் |
| மறுவிற்பனை | நன்று | நன்று | முத்திரையைப் பொறுத்து | சான்றைப் பொறுத்து |

அரண்மனை எனாமல் குப்பிகளை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. செம்பின்மேலும் கண்ணாடியின்மேலும் எனாமல் தீட்டும் நுட்பத்தை வளர்க்க, 1719இல் வந்த பிரெஞ்சு எனாமல் கலைஞர் ழான்-பத்தீஸ்த் கிராவ்ரோ உட்படப் பலரை அரண்மனை பயன்படுத்தியது. எனாமல் உருகும் வெப்பத்தை நெருங்கும்போது கீழேயுள்ள கண்ணாடியும் இளகத் தொடங்கும் என்பதால், சூளையில் பிழைத்தவை குறைவு. மேரி, ஜார்ஜ் பிளாக் இணையர் சேகரித்த 1,700க்கும் மேற்பட்ட குப்பிகளை, போன்ஹாம்ஸ் நிறுவனம் 2010 முதல் 2015 வரை ஹாங்காங்கில் பத்துத் தவணைகளாக ஏலம் விட்டபோது, 2011 நவம்பரில் சியென்லோங் பேரரசர் காலத்து எனாமல் குப்பி ஒன்று 2.5 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியது. செய்தியில் வருவது அந்த விலை. நீங்கள் வாங்கப்போவது அந்தப் பொருள் அல்ல. ஆனால் அந்த ஏலத்தொடரிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு: அதே சேகரிப்பில் இருந்த எளிய குப்பிகளும், பெயர்பெற்ற சேகரிப்பாளர் தேர்ந்தெடுத்தவை என்பதாலேயே, சமமான பிற குப்பிகளை விட உயர்ந்த விலை பெற்றன. அவற்றில் ஒன்று மீண்டும் ஏலத்துக்கு வரும்போது, அந்தப் பெயருக்கும் சேர்த்தே நீங்கள் பணம் தருவீர்கள்; விற்கும்போது அதைத் திரும்பப் பெறவும் செய்வீர்கள். பழைய ஏலச் சீட்டு, எண் ஒட்டிய பெட்டி, பட்டியல் நூல் ஆகியவை குப்பியோடு சேர்ந்து வந்தால் அவற்றைத் தனியே எறிந்துவிடக் கூடாது.

## எங்கே வாங்குவது

ஏலம், சிறப்பு வணிகர், பழம்பொருள் சந்தை என்று மூன்று வழிகள். சந்தையை முதலில் ஒதுக்கிவிடலாம். பெய்சிங்கின் பான்சியாயுவான் சந்தையில் "சிங் காலம்" என்று தரும் குப்பி உண்மையில் பழையதாக இருந்தால், 1911க்கு முந்தைய கலைப்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருப்பதால் சிக்கல். புதியதாக இருந்தால், கொடுத்த பணம் சிக்கல். நினைவுப் பொருளாக, நினைவுப் பொருளின் விலையில் மட்டும் வாங்கலாம்.

வணிகரிடம் விலை அதிகம் தோன்றும். ஆனால் கையில் எடுத்துப் பார்க்கவும், கேள்வி கேட்கவும், சில இடங்களில் பிடிக்காவிட்டால் திருப்பித் தரவும் முடியும். ஏலத்தில் கண்ணுக்குத் தெரியும் விலை குறைவு. அது முழு விலை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்தியல் விழும் விலை 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பெரிய நிறுவனங்களில் வாங்குவோர் கட்டணம் ஏறக்குறைய 25 முதல் 28 விழுக்காடு வரை இருப்பதால், 27 விழுக்காட்டுக்கு 540 டாலர் சேரும். அனுப்பும் செலவும் காப்பீடும் 150 என்றால் மொத்தம் 2,690. நாளை விற்க நினைத்து, விற்போர் கட்டணம் 10 விழுக்காடு கொடுத்தால், போட்ட பணம் திரும்ப, சுத்தியல் விலை ஏறக்குறைய 2,990 ஆக வேண்டும். அதாவது 50 விழுக்காடு உயர வேண்டும். இதில் சுங்கவரி சேரவில்லை. வேறு நிறுவனத்தின் இணையத் தளம் வழியாக ஏலம் கேட்டால், அதற்கு மேலும் 3 முதல் 5 விழுக்காடு கட்டணம் உண்டு.

கிறிஸ்டீஸ், சதபீஸ் போன்ற நிறுவனங்கள் போலி என்று நிறுவப்பட்டால் பணத்தைத் திருப்பித் தரும் உறுதியை ஐந்து ஆண்டுகளுக்கு வரையறுத்துத் தருகின்றன. ஆனால் அது பட்டியலில் தடித்த எழுத்தில் உள்ள தலைப்பு வரியை மட்டும் காக்கும், பழுதைக் காக்காது. சிறிய வட்டார ஏல நிறுவனங்களில் இந்த அளவுக்குக்கூட உறுதி கிடைப்பதில்லை. மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1968இல் எட்வர்ட் சோட் ஓ'டெல் தொடங்கிய பன்னாட்டுச் சீனப் பொடிக்குப்பிச் சங்கத்தில் உறுப்பினராகி, அதன் இதழை ஓராண்டு படித்த பிறகு ஏலத்துக்குப் போவது, எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் சிறந்த முதலீடு. டப்ளினின் செஸ்டர் பீட்டி நூலகத்திலும் தாய்பேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலும் நல்ல குப்பிகளை நேரில் காணலாம்.

## கரண்டியும் சட்டமும்

இதைத் தனியாக எழுதக் காரணம், பட்டியல்களில் இது ஓரிரு சொற்களில் கடந்துபோவதுதான். குப்பி அகேட்டாக இருந்தாலும் மூடியோடு உள்ள கரண்டி யானைத் தந்தமாக இருக்கலாம். மூடி பவழமாக இருக்கலாம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. இறக்குமதித் தந்தமும் அதில் அடங்கும். ஹாங்காங் 2021 இறுதியில், பழமையான தந்தப் பொருள்கள் நீங்கலாக, தந்த வணிகத்தை நிறுத்தியது. பிரிட்டனின் தந்தத் தடைச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. எனவே சில ஏல நிறுவனங்கள் கரண்டியை நீக்கிவிட்டே குப்பியை அனுப்புகின்றன. அதனால் குப்பியின் விலை பெரிதும் குறைவதில்லை. மூடிகளே காலப்போக்கில் பலமுறை மாற்றப்பட்டவை என்பதைச் சேகரிப்பாளர்கள் அறிவர். தந்தத்திலேயே செய்த குப்பி, தலையோட்டுக் கொம்பு கொண்ட இருவாச்சிப் பறவையின் கொம்பில் செய்த குப்பி ஆகியவற்றை இந்தியாவில் இருப்பவர் தொடவே கூடாது.

இந்தியாவுக்குள் கொண்டுவந்த பிறகு இன்னொரு கதவும் மூடிக்கொள்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. நாளை ஹாங்காங் ஏலத்தில் விற்கலாம் என்ற எண்ணத்தோடு பழைய குப்பியைச் சென்னைக்குத் தருவிப்பவர், திரும்பும் வழியை முன்பே ஒரு சுங்கத் தரகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹாங்காங்கில் இத்தகைய பழம்பொருளுக்கு விற்பனை வரியும் இறக்குமதி வரியும் இல்லை என்பதால், சிலர் அங்கேயே பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறார்கள். கையில் எடுத்துப் பார்க்க முடியாத பொடிக்குப்பியை வைத்து என்ன செய்வது என்பது எனக்குப் புரிந்ததில்லை.

## யாருக்கு எது

ஒரே ஒரு குப்பி போதும், அது ஆண்டு முழுவதும் கையில் உருள வேண்டும் என்பவர் அகேட்டை எடுக்கட்டும். 1,000 முதல் 1,500 டாலருக்குள், உருவம் குறைவாகவும் குடைவு நன்றாகவும் உள்ள ஒன்று. நிறத்தில் மயங்குபவரும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி வைத்திருப்பவரும் கண்ணாடிக்குப் போகலாம். ஆனால் முதல் முயற்சியில் ஒற்றை நிற 19ஆம் நூற்றாண்டுக் குப்பியே பாதுகாப்பானது, மேலடுக்குக் கண்ணாடி இரண்டாவதாக வரட்டும். சீன நாடகமும் கதையும் தெரிந்து, சித்திரத்தை வாசிக்க விரும்புபவருக்குத் தாவ்குவாங் பீங்கான். பட்ஜெட் 500 டாலருக்குள் என்றாலும் பீங்கானே. அந்த விலையில் மற்ற மூன்றிலும் கிடைப்பது பெரும்பாலும் பழுதானதோ புதியதோ ஆகும்.

உள்ளோவியத்தில் பெரிய பெயர்களைத் தேடுபவர், அதே குப்பி ஏற்கெனவே அச்சான பட்டியலிலோ நூலிலோ இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்து, இடம்பெற்றிருந்தால் மட்டும் ஏலம் கேட்கலாம். இல்லாவிட்டால் தற்காலக் கலைஞரிடம் போகலாம். மூவாயிரம் டாலரைப் பிரித்துப் பத்துக் குப்பிகளாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்து வாங்குதல்களுக்கும் அனுப்பும் செலவு பத்து முறை சேரும், விற்கும்போது அந்தப் பத்தையும் ஒரே கட்டாகத்தான் ஏல நிறுவனம் ஏற்கும். இரண்டாக வாங்குங்கள்.